வேண்டாம் என்ற பெற்றோரும் தடுப்பூசி வரலாறும்

தடுப்பூசியை மறுக்கும் பெற்றோரைப் 'படிக்காத ஜனங்கள்' என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். இந்தியாவில் தடுப்பூசி நடந்துவந்த இருநூறு ஆண்டுப் பாதையைப் பார்த்தால், அந்த மறுப்புக்குள் பெரும்பாலும் நியாயமான கேள்வி ஒன்று இருந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1802 ஜூன் 14 அன்று, நாம் குடியிருக்கும் இதே மும்பையில், ஆனா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு அம்மை குத்தினார்கள். இந்தியாவில் அதுவே முதல் முறை. ஐஸ்பெட்டி இல்லாத காலம். ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்தைச் சுமார் எட்டாம் நாள் கீறி, அந்த நீரை அடுத்த குழந்தையின் கையில் ஏற்றுவார்கள். இப்படிக் கைக்குக் கை மாறித்தான் மருந்து சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது. 'எம் புள்ளை புண்ணை எதுக்கு மறுபடி கீறணும்? இது யார் வீட்டுப் புள்ளையோட நீரு?' என்று தாய்மார் பதறியதில் வியப்பென்ன? சாதி பார்த்த தயக்கமும் அதில் உண்டு. ஆனால் பயம் முழுக்கப் பொய்யல்ல. ஐரோப்பாவிலேயே இம்முறையால் மேகநோய் பரவியதுண்டு. கன்றுக்குட்டியிலிருந்து மருந்து எடுக்கும் முறை பரவிய பிறகே அந்தப் பயத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

மறுத்தவர்களில் மெத்தப் படித்தவர்களும் இருந்தார்கள். காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை நாடெங்கும் போடுவதை எதிர்த்து 1955-இல் நூலே எழுதினார் ராஜாஜி. பின்னர் 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் ஆய்வு தொடங்கியது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. ஆனாலும் குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயைத் தடுப்பதால், பிறந்தவுடன் இன்றும் போடுகிறோம். சந்தேகம், பலன் இரண்டிலும் உண்மை இருந்தது.

2002-இல் நாட்டில் சுமார் 1,600 குழந்தைகளைப் போலியோ தாக்கியது; பெரும்பாலோர் உத்தரப் பிரதேசத்தவர். சொட்டு மருந்து மலடாக்கிவிடும் என்ற வதந்தி அங்கே பரவியிருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் கட்டாயக் கருத்தடையைக் கண்ட மண் அது. 'காய்ச்சலுக்கு டாக்டர் வர்றதில்லை, சாக்கடை அள்ள ஆள் இல்லை, சொட்டு மருந்து மட்டும் ஏன் வாசல் தேடி வருது?' என்பதும் அவர்கள் கேள்வி. மிரட்டிப் பயனில்லை. அதே தெருப் பெண்களும் மசூதி இமாம்களும் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். மருத்துவ முகாம்களும் நடந்தன. கதவுகள் மெல்லத் திறந்தன. 2011 ஜனவரி 13-இல் ஹவுராவில் பதிவானதே இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ. 2014 மார்ச் 27-இல் நற்சான்றிதழ் கிடைத்தது.

ஊர்விட்டு ஊர் மாறும் நம் வீடுகளில், பக்கத்தில் பாட்டி இல்லாத இளம் தாய், 'இத்தனை ஊசி எதுக்கு?' என்று கேட்டால் அதட்டாதீர்கள். உட்கார வைத்துப் பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். தவணை தப்பாமல் ஊசி போட அதுவே வழி.