கவாக் கணவாயும் திருக்குர்ஆன் காட்டும் கணவாயும்

திருக்குர்ஆனின் தொண்ணூறாவது அத்தியாயமான 'அல்பலது' சூராவில் 'அகபா' என்றொரு சொல் இடம்பெறுகிறது. மலைமீது ஏறிச்செல்லும் கடினமான பாதையை அரபியர் அச்சொல்லால் குறிப்பர். தமிழில் அதனைக் கணவாய் எனலாம். மனிதன் ஏறத் தயங்கும் ஒரு கணவாயைப் பற்றி இறைவன் அங்கே பேசுகிறான். அச்சொல்லின் கனத்தை உணர, மண்ணுலகில் உள்ள ஓர் உயர்ந்த கணவாயின் வரலாறு நமக்குத் துணைசெய்யும். ஆப்கானிஸ்தானின் கவாக் கணவாயை இங்கே எடுத்துக்கொள்வோம்.

மலையும் வழியும்

ஹிந்துகுஷ் மலைத்தொடர் பாமிர் பகுதியிலிருந்து தென்மேற்காகச் சுமார் 800 கிலோமீட்டர் நீள்கிறது. அதன் மிக உயர்ந்த சிகரமான திரிச் மீர் 7,708 மீட்டர் உயரமுடையது. கவாக் அமைந்துள்ள பகுதியில் மலையின் வடபுறம் உருகும் பனி ஆமூ தர்யாவை நோக்கி ஓடுகிறது. தென்புறம் உருகுவது பஞ்ச்ஷீர், காபூல் ஆறுகளின் வழியே சிந்து நதியைச் சேர்கிறது. ஆகவே இம்மலையைக் கடப்பவர் மத்திய ஆசியாவை விட்டு இந்தியாவின் வாசலுக்கு வந்துவிடுகிறார்.

பஞ்ச்ஷீர் பள்ளத்தாக்கின் மேல்முனையில், சுமார் 3,850 மீட்டர் உயரத்தில் கவாக் உள்ளது. அதன் மறுபுறம் அந்தராப் பள்ளத்தாக்கு. இருபுறமும் பள்ளத்தாக்குகளைப் பற்றிக்கொண்டே ஏறி இறங்க முடிவதால், சுமை சுமக்கும் விலங்குகளுக்கும் இவ்வழி ஏற்றதாயிற்று. பஞ்ச்ஷீரின் வெள்ளிச் சுரங்கங்கள் கி.பி. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் முஸ்லிம் உலகெங்கும் புகழ்பெற்றிருந்தன. அங்கேயே திர்ஹம் நாணயங்களும் அச்சிடப்பட்டன.

ஆயினும் இவ்வழி ஆண்டு முழுவதும் திறந்திருப்பதன்று. காபூலிலிருந்து வடக்கே செல்லும் ஏழு மலைவழிகளைப் பாபர் தமது நினைவுக் குறிப்புகளில் வரிசைப்படுத்துகிறார். அவற்றுள் ஒன்றைத் தவிர மற்றவை குளிர்காலத்தில் நான்கைந்து மாதங்கள் அடைபட்டுவிடும் என்றும் எழுதுகிறார். பனி உருகிய பின்னரோ ஆற்று வெள்ளம் வழியை மறிக்கும்.

கடந்து சென்ற படைகள்

கி.மு. 329-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் அலெக்சாந்தர் தம் படையுடன் இம்மலையைக் கடந்தார். அவர் சென்றது கவாக் வழியே என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. உணவின்றி வாடிய வீரர்கள், சுமை சுமந்த விலங்குகளையே கொன்று தின்ன நேர்ந்தது. 1398-இல் தைமூர் இக்கணவாய் வழியாகத் தெற்கே வந்தார். அந்த மலைப் படையெடுப்பில் பனிச்சரிவுகளில் வீரர்கள் கயிறுகளின் உதவியால் இறக்கப்பட்டனர். அதே ஆண்டின் இறுதியில் தில்லி நகரம் அவரால் சூறையாடப்பட்டது. பாடநூல்கள் இத்தகைய பெயர்களோடு நின்றுவிடுகின்றன. ஆனால் இம்மலையைக் கடந்தோரில் பெரும்பாலோர் பெயரற்றவர்கள்.

இப்னு பதூதாவின் குறிப்பு

மொராக்கோவைச் சேர்ந்த பயணியும் மார்க்கச் சட்ட அறிஞருமான இப்னு பதூதா, 1333-ஆம் ஆண்டு வாக்கில் இம்மலையைக் கடந்தார். அவர் சென்றதும் கவாக் வழியே என ஆய்வாளர்கள் கொள்கின்றனர். பனிக்கு அஞ்சி அவர் குந்தூஸ் பகுதியில் சுமார் நாற்பது நாட்கள் தங்கினார். வெயில் உறுதியாக வந்த பிறகு, விடியலுக்கு முன் புறப்பட்டுச் சூரியன் மறையும்வரை இடைவிடாமல் நடந்தனர். ஒட்டகங்களின் கால்கள் பனியில் புதையாதிருக்க, அவற்றின் முன்னே கம்பளங்களை விரித்துக்கொண்டே சென்றனர்.

அவ்விடத்தில்தான் அவர் மலையின் பெயருக்கு விளக்கம் தருகிறார். இந்தியாவிலிருந்து கொண்டுவரப்படும் அடிமைகளான ஆண்களும் பெண்களும் கடுங்குளிராலும் பனியாலும் அங்கே பெருமளவில் இறந்துபோவதால், 'இந்தியரைக் கொல்வது' என்னும் பொருளில் அப்பெயர் வந்தது என்கிறார். ஒட்டகத்தின் கால் புதையக் கூடாதென்று கம்பளம் விரிக்கப்பட்ட அதே பனியில், மனிதர்கள் மடிந்து கிடந்திருக்கிறார்கள்.

இக்குறிப்பை இன்று சிலர் முஸ்லிம்களின் மீது வெறுப்பை வளர்க்கப் பயன்படுத்துகின்றனர். கைப்பேசியில் அதனைக் காணும் நம் பிள்ளைகள் இது உண்மையா என்று நம்மிடம் கேட்கின்றனர். அவர்களுக்கு நாம் என்ன விடை தரப்போகிறோம்?

'கோஹ்' என்னும் பாரசீகச் சொல் மலையைக் குறிக்கும். அது திரிந்தே 'குஷ்' ஆயிற்று என்று கருதும் அறிஞர்களும் உளர். இப்னு பதூதா சொல்வது குளிரால் நேர்ந்த மரணங்களையே, சமயப் படுகொலையை அல்ல என்பதும் மெய். ஆனால் இவ்விரண்டையும் சொல்லிவிட்டு நாம் எழுந்துவிட முடியாது. பெயரின் பொருள் எதுவாயினும் அடிமைகள் அவ்வழியே இழுத்துச் செல்லப்பட்டார்கள். பாபரும் இந்துஸ்தானிலிருந்து காபூல் சந்தைக்கு வரும் சரக்குகளுள் வெண்துணி, சர்க்கரை ஆகியவற்றுடன் அடிமைகளையும் சேர்த்தே எழுதுகிறார். பிற்காலத்தில் மதுரைக்கு வந்த இப்னு பதூதா, அங்கிருந்த சுல்தான் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதை வன்மையாகக் கண்டித்தார். கண்டிக்கத் தெரிந்த அவரே, மலையில் மாண்ட அடிமைகளுக்காக ஒரு கண்டனச் சொல்லும் எழுதவில்லை; அவரும் அடிமைகளை வைத்திருந்தவரே. ஆப்கானிஸ்தானில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1923-இல்தான்.

இதை மறைப்பதும் நியாயப்படுத்துவதும் மார்க்கத்துக்குச் செய்யும் தொண்டல்ல. முஸ்லிம்கள் செய்த அநீதியை அநீதி என்று சொல்ல நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை. உரைகல் நம்மிடமே இருக்கிறது.

பனியில் ஒரு தொழுகை விரிப்பளவு

இம்மலைகளில் நிகழ்ந்த வேறொரு செய்தியும் உண்டு. 1506-ஆம் ஆண்டின் கடுங்குளிரில் பாபர் ஹிராத்திலிருந்து காபூலுக்கு, கவாக்கிற்கு வெகு மேற்கே உள்ள நடு மலைகளின் வழியே திரும்பினார். வழிகாட்டி பாதையைத் தவறவிட்டார். மார்பளவுப் பனியை மிதித்துத் தாழ்த்தியே குதிரைகளுக்கு வழி உண்டாக்க வேண்டியிருந்தது. பாபரும் அவ்வேலையில் இறங்கினார்.

ஒரு கணவாயின் அடிவாரத்தில் இரவும் பனிப்புயலும் சேர்ந்து வந்தன. அருகே ஒரு குகை இருந்தது. உள்ளே வருமாறு அனைவரும் அழைத்தும் அவர் மறுத்துவிட்டார். தம் வீரர்கள் பனியில் கிடக்கத் தாம் மட்டும் கதகதப்பில் உறங்குவது தகாது என்று கருதினார். குகை வாயிலருகே ஒரு தொழுகை விரிப்பின் அளவுக்குப் பனியைத் தோண்டி, அதிலேயே அமர்ந்தார். அவருடைய தலையிலும் முதுகிலும் பனி நான்கு விரற்கடை அளவு படிந்தது. பின்னர், குகை எல்லோருக்கும் போதுமான அளவு பெரியது என்று அறிந்த பிறகே அனைவரையும் அழைத்துக்கொண்டு உள்ளே சென்றார். கணவாயைக் கடந்து இறங்கியபோது, யகாவ்லங் என்னும் ஊரின் எளிய மக்கள் அவர்களை வீடுகளுக்கு அழைத்துச் சென்று ஆட்டிறைச்சியும் விறகுக்கு வறட்டியும், குதிரைகளுக்குத் தீவனமும் தந்தனர்.

பாபரைப் புனிதராக்குவது நம் நோக்கமன்று. அதே பயணத்தில் அவரது படை ஹஸாராக்களின் குடியிருப்பு ஒன்றைத் தாக்கவும் செய்தது. எனினும் குகை வாயிலில் கழிந்த அவ்விரவும், யகாவ்லங் மக்களின் விருந்தோம்பலும் நினைவில் நிற்கத் தக்கவை.

எந்தக் கணவாய்?

1964-இல் சலாங் சுரங்கப்பாதை திறக்கப்பட்டபின் வாகனங்கள் அவ்வழியே மலையைக் கடக்கின்றன. மலையின் கடுமை மட்டும் குறையவில்லை. 2010 பிப்ரவரியில் சலாங் வழியில் சரிந்த பனிப்பாளங்கள் 160-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தன.

'அல்பலது' சூரா கணவாய் என்று எதைச் சொல்கிறது? அடிமையை விடுவிப்பதை, பசி மிகுந்த நாளில் உறவினரான அநாதைக்கும் மண்ணில் கிடக்கும் ஏழைக்கும் உணவளிப்பதை. கவாக் வழியே அடிமைகளை ஓட்டிச் சென்றவர்கள் 3,850 மீட்டர் ஏறினார்கள். இறைவன் சொன்ன கணவாயில் ஓரடியும் ஏறவில்லை. மலையிறங்கி வந்தவர்களுக்குக் கதவைத் திறந்த யகாவ்லங் மக்களோ, தம் வீட்டு வாசலிலேயே அதனைக் கடந்துவிட்டார்கள்.

அன்புச் சகோதர சகோதரிகளே! நம் வீட்டில் வேலை செய்பவரின் கூலி, கடனில் மூழ்கிய அண்டை வீட்டார், தந்தையை இழந்த உறவுக்காரப் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் ஆகியவையே நம் முன் நிற்கும் அகபா. பிள்ளைகள் ஹிந்துகுஷ் மலையைப் பற்றிக் கேட்கும்போது, உண்மையை முழுமையாகச் சொல்வோம். சொல்லிவிட்டு இந்தச் சூராவையும் அவர்களோடு அமர்ந்து ஓதுவோம். அக்கணவாயை ஏறிக் கடக்கும் வலிமையை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.