முடிசூடும் துவர்த்து: சாமித்தோப்பில் ஒரு சின்னத்தின் வரலாறு

நாகர்கோவிலுக்குத் தென்கிழக்கே உள்ள, அய்யாவழியினரின் முதன்மை வழிபாட்டிடமான சாமித்தோப்புத் தலைமைப்பதியின் வாசலில் ஆண்கள் இரண்டு காரியம் செய்கிறார்கள். சட்டையைக் கழற்றுகிறார்கள், தோளில் கிடக்கும் துவர்த்தை (துண்டை) எடுத்துத் தலையில் கட்டுகிறார்கள். துவர்த்து கொண்டுவராத சிறுவனுக்குத் தகப்பன் கைக்குட்டையையாவது சுற்றிவிடுகிறார். சட்டையைக் கழற்றுவதில் புதுமை இல்லை, பழைய திருவிதாங்கூர்க் கோயில்களில் எல்லாம் அதுதான் வழக்கம். தலைக்கட்டுதான் விஷயம். மற்றக் கோயில்களில் சாமி முன்னால் தலைத்துணியை அவிழ்ப்பார்கள், இங்கே கட்டுகிறார்கள்.

இந்தத் தலைகீழ் மாற்றத்தின் வேரைத் தேடினால் முதலில் அகப்படுவது ஒரு பெயர். பின்னாளில் வைகுண்டராக வணங்கப்பட்டவர் கொல்லம் ஆண்டு 984இல் (1809) பிறந்தபோது பெற்றோர் இட்ட பெயர் முடிசூடும் பெருமாள். பனையேறிக் குடும்பத்துப் பிள்ளைக்கு முடியும் பெருமாளும் எதற்கு என்று மேல்சாதியார் மறுக்க, முத்துக்குட்டி என்று பெயர் மாறியதாக மரபு சொல்கிறது. இதை வெறும் தலபுராணமாக ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. பெயர், உடை, ஆபரணம், வீட்டின் கூரை என ஒவ்வொன்றுக்கும் சாதிவாரியாக எல்லை வகுத்திருந்த நாடு அது. அந்தச் சூழலுக்குப் பொருந்தாத எதுவும் இந்தக் கதையில் இல்லை.

அந்த எல்லைகள் எவ்வளவு நுணுக்கமானவை என்பதை, பெண்களின் மேலாடை உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தின் ஆவணங்கள் காட்டுகின்றன. மன்றோ திவானாக இருந்த காலத்தில், கிறிஸ்தவராக மாறிய பெண்கள் குப்பாயம் அணிய அனுமதி கிடைத்தது. 1829 பிப்ரவரியில் வந்த அரச விளம்பரம் மேல்சீலை அணிவதை மறுபடி தடுத்தது. 1858இல் கலவரம் மூண்டது. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா ஓர் ஆணை பிறப்பித்தார். அதுவும் முழு விடுதலை அல்ல. ரவிக்கை போடலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத்துணி கட்டலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போலச் சீலை உடுத்தக்கூடாது. துணியை எப்படிச் சுற்றுவது என்பது வரைக்கும் அரசு தலையிட்டது.

ஒடுக்கப்பட்ட சாதி ஆண்களுக்கும் கட்டுப்பாடு இருந்தது. தலைப்பாகை கட்ட அவர்களுக்கு உரிமை இல்லை. கூலியில்லா ஊழியத்தில் சுமை தூக்கும்போது தலையில் ஏறும் துணி சும்மாடு மட்டுமே. அதே தலையில் அதே முழத் துணியைப் பாகையாகக் கட்டச் சொன்னார் வைகுண்டர். கொல்லம் 1008 மாசியில் (1833) திருச்செந்தூர்க் கடலிலிருந்து முத்துக்குட்டி வைகுண்டராக எழுந்து வந்தார் என்பது அய்யாவழியினரின் நம்பிக்கை. சில ஆண்டுகளிலேயே சுவாதித் திருநாள் அரசு அவரைத் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறைவைத்தது. துணி கட்டுவதில் அரசியல் இருப்பது அரண்மனைக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

கொல்லம் 1016இல் அரிகோபாலன் சீடர் எழுதிய, அய்யாவழியினரின் புனித நூலான அகிலத்திரட்டு அம்மானை, திருவிதாங்கூர் மன்னரைக் கலிநீசன் என்றும் வெள்ளையரை வெண்நீசன் என்றும் அழைக்கிறது. ஒடுக்கப்பட்டவர்களுக்கு அது தரும் பெயர் சான்றோர். ஏட்டில் இருந்த இந்நூல் 1939இல்தான் அச்சேறியது. ஆனால் நூல் அச்சாகும் முன்பே வழிபாடு ஊர் ஊராகப் பரவிவிட்டது. லண்டன் மிஷன் பாதிரிமாரின் அறிக்கைகள் ‘முத்துக்குட்டி’ கூட்டத்தைத் தங்கள் வேலைக்கு இடையூறாகக் குறிப்பிடுகின்றன. போட்டியாளரின் புகாரைவிட நம்பகமான சாட்சி எது? நிழல்தாங்கல்கள் என்ற சிறு வழிபாட்டிடங்கள் வழியே இந்தத் தலைக்கட்டு வழக்கம் பனங்காட்டு ஊர்களுக்குள் நுழைந்தது. தாங்கல் கட்டப் பெரிய செலவில்லை, விக்கிரகம் வேண்டாம், தந்திரியும் வேண்டாம்.

விக்கிரகம் இருக்க வேண்டிய பள்ளியறையில் ஒரு நிலைக்கண்ணாடி இருக்கிறது. நாராயண குருவும் 1927இல் களவங்கோட்டில் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். அவர் இளமையில் தவம் செய்த மருத்துவாமலை சாமித்தோப்பிலிருந்து அதிக தூரமில்லை. இந்த இரண்டு கண்ணாடிகளையும் முடிச்சுப் போட ஆசை வருவது இயல்பு. மலையாளக் கோயில்களில் பகவதியின் வால்கண்ணாடி வழக்கம் வேறு இருக்கும்போது, ஒற்றை வேர் தேடுவது அவசரம் என்பேன்.

பலர் கண்ணாடியைத் தனியாகவும் தலைப்பாகையைத் தனியாகவும் விளக்குகிறார்கள். வாசலில் நடக்கும் வரிசையைக் கவனித்தால் இரண்டையும் பிரிக்க முடியாது. முதலில் தலைக்கட்டு, பிறகு பள்ளியறை வாசல், அதன் பிறகே நெற்றியின் நடுவிலிருந்து சுடர்போல் மேலேறும் வெள்ளைத் திருநாமம். கும்பிட நிற்பவருக்கு எதிரே கண்ணாடியில் தெரிவது முடிசூடிய ஒரு தலை. அது அவருடைய தலையேதான். முடிசூடும் பெருமாள் என்ற பெயரை ஒரு பிள்ளையிடமிருந்து பறித்த ஊரில், அங்கே நின்று கும்பிடும் ஒவ்வொருவருக்கும் இன்று அந்தப் பெயர் பொருந்துகிறது.