ஆலைச் சங்கும் அண்டைவீட்டுச் செவியும்

கோவை மாநகரில் 1888-ஆம் ஆண்டு ஸ்டேன்ஸ் நூற்பாலை எழுந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பல்கின. அவற்றின் சங்கொலியே சுற்றுப்புறத்தார்க்குக் கடிகாரமாயிற்று. வெளியூரார்க்கு இரைச்சலாய்ப்பட்ட அவ்வொலி, தொழிலாளர் இல்லங்களுக்கு அடுப்பெரியும் என்னும் உறுதியாய் இருந்தது. பின்னாளில் ஆலைகள் பல மூடப்பட்டபோது அவ்வில்லங்களை வாட்டியது சங்கின் மௌனமே.

குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என 2000-ஆம் ஆண்டில் மத்திய அரசு வரம்பு வகுத்தது. கருவி ஒலியை அளக்கும். அதனை இன்னோசையென்றும் இரைச்சலென்றும் பிரிப்பது கேட்பவரின் வாழ்க்கையன்றோ!

நம் விழா மேடைகளின் ஒலிபெருக்கி நமக்கு இனிக்கிறது. அண்டைவீட்டு நோயாளிக்கு அது உறக்கத்தின் பகை. குரலைத் தாழ்த்துமாறு தம் மைந்தருக்கு அறிவுரைத்த லுக்மான் (அலை) அவர்களை அவ்வேளை நாம் நினைத்தல் நன்று.