கெடு தவறாத கெர்னல்

சொன்ன கெடுவுக்குள் வேலையை முடித்துத் தருவதாக உறுதி கொடுக்கும் மென்பொருளுக்கே நிகழ்நேர இயங்குதளம் என்று பெயர். வேகம் இங்கே இரண்டாம்பட்சம். எடுத்துக்காட்டாக, இலங்கையின் தலவாக்கலையில் கொத்மலை ஓயாவை மறித்த அணையிலிருந்து ஏறக்குறைய 13 கிலோமீட்டர் சுரங்கத்தில் ஓடும் நீர், மேல் கொத்மலை நிலத்தடி மின்நிலையத்தில் 75 மெகாவாட் திறனுள்ள இரண்டு எந்திரங்களைச் சுழற்றுகிறது. 2012 இல் மின்சாரம் தரத் தொடங்கிய அந்நிலையம், நாட்டு மின்வலையின் 50 ஹெர்ட்ஸ் அலைவெண்ணோடு ஒத்துச் சுழலவேண்டும். சுமை திடீரென அறுந்தால் சுழலி வேகமெடுக்கும். நீர்வழியைக் குறுக்கியாக வேண்டும். சட்டென்று அடைத்தாலோ, ஓடிவரும் நீரின் உந்துதல் குழாயையே தாக்கும். கணக்கிட்ட நேரத்தில் கணக்கிட்ட அளவு மூடுவதே வழி. இத்தகைய இடத்தில் பிந்தி வரும் சரியான விடையும் பிழையான விடைதான்.

இந்த உறுதியை எப்படிக் கொடுப்பது என்ற கேள்விக்கு 1973 இல் லியூ, லேலண்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கணித விடை தந்தார்கள். திரும்பத் திரும்ப ஓடும் பணிகளில் எது அடிக்கடி வருகிறதோ அதற்கு உயர்ந்த முன்னுரிமை கொடுக்கவேண்டும். செயலியின் நேரத்தில் சுமார் 69 விழுக்காட்டுக்கு மேல் பயன்படாதவரை, பணிகள் எத்தனை இருந்தாலும் கெடு தவறாது. ஆனால் அந்தக் கணக்கு, பணிகள் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொண்டது. நடப்பில் அவை ஒரே நினைவகத்தையும் ஒரே கருவியையும் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று பூட்டினால் மற்றது காத்திருக்கிறது.

அங்கேதான் சிக்கல்; ஓர் உவமை சொல்லலாம். ஒற்றைவழித் தோட்டச் சாலையில் கொழுந்து லொறிக்குப் பின்னால் அம்புலன்ஸ் மாட்டிக்கொள்கிறது. சாலை முனையில் லொறியை நிறுத்திவைத்து பஸ்களை வரிசையாகப் போகவிட்டால், பஸ்ஸைவிட அவசரமான அம்புலன்ஸ் பஸ்ஸுக்காகக் காத்துநிற்கும். ஒற்றைவழியைக் கடக்கும்வரை லொறிக்கும் அம்புலன்ஸின் உரிமையைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. முன்னுரிமை மரபுரிமை எனப்படும் இந்தத் தீர்வை 1990 இல் வெளியான ஆய்வுக்கட்டுரையில் நிறுவிய மூவர் லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி. ராஜ்குமார் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர். கணினியியலில் தமிழர் பங்கைப் பேசும்போது முதல் வரிசையில் வைக்கவேண்டிய பணி இது.

ஏழே ஆண்டுகளில் அதன் அருமை வேற்றுக்கோளில் தெரிந்தது. 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி, சில நாட்களில் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்யத் தொடங்கியது. வானிலைத் தரவைச் சேர்க்கும் தாழ்ந்த பணி பூட்டைப் பிடித்திருக்க, நடுத்தரப் பணிகள் அதை ஓடவிடாமல் தடுக்க, உயர்ந்த பணி கெடுவைத் தவறவிட்டது. விண்கலம் பயன்படுத்திய வி.எக்ஸ்.வொர்க்ஸ் இயங்குதளத்தில் முன்னுரிமை மரபுரிமை வசதி இருந்தது; அந்தப் பூட்டுக்கு மட்டும் அது அணைக்கப்பட்டிருந்தது. பொறியாளர்கள் பூமியிலிருந்தே அதை இயக்கிவிட்டார்கள்.

வி.எக்ஸ்.வொர்க்ஸ் விலைகொடுத்து வாங்கவேண்டிய மென்பொருள். 1991 இல் பிறந்த லினக்ஸோ இலவசம்; மூலநிரலும் திறந்தது. ஆனால் அது சராசரி வேகத்துக்காக எழுதப்பட்டது. இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலுக்குள் நுழைந்த ஒரு வேலை எப்போது வெளியே வரும் என்பதற்கு வரம்பே இருக்கவில்லை. நியூ மெக்சிகோவில் விக்டர் யோடைகனும் மைக்கேல் பரபனோவும் 1990களின் நடுவில் உருவாக்கிய ஆர்.டி.லினக்ஸ் ஒரு குறுக்குவழியைக் கண்டது. அடியில் ஒரு சிறு நிகழ்நேர கெர்னல். முழு லினக்ஸும் அதன் மேல் கடைசி முன்னுரிமைப் பணி. வன்பொருள் குறுக்கீடுகள் முதலில் சிறு கெர்னலுக்கே போகும். 1999 இல் அந்த முறைக்குக் காப்புரிமை கிடைத்தது திறந்த மென்பொருள் உலகில் கசப்பை உண்டாக்கியது. மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பாவோலோ மாந்தேகாசாவின் ஆர்.டி.ஏ.ஐ., பிலிப் ஜெரம் 2001 இல் தொடங்கிய செனோமை ஆகியவையும் இரட்டைக் கெர்னல் வழியிலேயே வளர்ந்தன. ராஜ்குமாரின் குழு லினக்ஸ்/ஆர்.கே. என்ற விரிவாக்கத்தில் வேறுவழி பார்த்தது: ஒவ்வொரு பணிக்கும் செயலி நேரத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைத்து, கெர்னலே அதைக் காவல்செய்யும்.

இரட்டைக் கெர்னல் நேரத்தைக் காத்தது. ஆனால் நிகழ்நேரப் பணியை லினக்ஸின் சாதன இயக்கிகளிலிருந்தும் வலைப்பின்னல் வசதிகளிலிருந்தும் பிரித்துவைத்தது. 2004 இல் இங்கோ மோல்னார் தொடங்கிய பிரீஎம்ப்ட் ஆர்.டி. லினக்ஸையே திருத்தும் கடினமான வழியைத் தேர்ந்தது. தாமஸ் கிளெய்க்ஸ்னர், ஸ்டீவன் ரோஸ்டெட் உள்ளிட்டோர் அதைத் தூக்கிச் சுமந்தார்கள். சுழன்றுகொண்டே காத்திருக்கும் பூட்டுகளில் பெரும்பாலானவை, முன்னுரிமை மரபுரிமையோடு உறங்கிக் காத்திருக்கும் பூட்டுகளாக மாறின. குறுக்கீடுகள் தனி இழைகளாயின. நுண்துல்லிய நேரக்கருவிகள் 2006 இலும் இழைவழிக் குறுக்கீடுகள் 2009 இலும் முதன்மை கெர்னலில் சேர்ந்தன; அவற்றால் சாதாரண லினக்ஸும் மேம்பட்டது. பொறுமையான வழியே சரியான வழி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கடைசித் தடையாக நின்றது செய்தி அச்சிடும் பகுதி: எந்தத் தருணத்திலும் திரைக்கு வரி எழுதும் அந்நிரல், மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவைத்தது. அது மாற்றி எழுதப்பட்ட பிறகு, 2024 செப்டம்பரில் பிரீஎம்ப்ட் ஆர்.டி. முதன்மை மூலநிரலில் சேர்ந்தது, நவம்பரில் லினக்ஸ் 6.12 பதிப்பில் வெளிவந்தது.

அதுவரை உட்பொதி லினக்ஸ் கட்டுவோர், தங்கள் கெர்னல் பதிப்போடு அச்சாகப் பொருந்தும் பிரீஎம்ப்ட் ஆர்.டி. ஒட்டுநிரலைத் தேடி எடுத்து ஒட்டவேண்டியிருந்தது. பதிப்பு சற்றே மாறினாலும் ஒட்டாது. யோக்டோ போன்ற கட்டமைப்புத் தொகுப்புகள் ஒட்டிய கெர்னலை ஆயத்தமாகக் கொடுத்து அந்தச் சுமையைக் குறைத்தன. 6.12 முதல், எக்ஸ்86, 64 பிட் ஆர்ம், ரிஸ்க்-வி செயலிகளுக்குக் கட்டமைப்புப் பட்டியலில் ஒரு தெரிவை இயக்கினாலே போதும். ஆனால் அந்தத் தெரிவு மட்டும் கெடுவைக் காப்பாற்றிவிடாது. ஒழுங்காக எழுதப்படாத ஒரு சாதன இயக்கியோ, இயங்குதளத்துக்குத் தெரியாமல் செயலியைப் பறித்துக்கொள்ளும் பலகையின் நிலைபொருளோ அதைக் கெடுக்கலாம். ஆகவே கட்டிமுடித்த கெர்னலை அதே பலகையில், முழுச் சுமையின் கீழ், சைக்ளிக்டெஸ்ட் போன்ற கருவியால் நீண்ட நேரம் ஓடவிட்டு, சராசரியை விட்டுவிட்டு மிக மோசமான தாமதத்தையே குறித்துக்கொள்கிறார்கள்.