உடைந்த செவியெலும்பு

சித்தூர், திருப்பதி மலைகளில் தொல்பாலூட்டிகளைத் தேடுவது வீண். நகரிக் குவார்ட்சைட் 100 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. பாலூட்டி இனமே தோன்றாத காலத்துப் பாறை. மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்பதால் இதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாம் நோக்கவேண்டியது ஜம்முவின் காலாகோட். அங்குக் கிடைத்த, ஏறத்தாழ 4.8 கோடி ஆண்டுப் பழமையுடைய குளம்புயிரிக்கு நிலவியலாளர் அ. ரங்கா ராவ் 1971இல் இண்டோஹையஸ் எனப் பெயரிட்டார். ‘இந்தியப் பன்றி’ என்பது பொருள், உருவமோ பூனையளவே. அவர் திரட்டிய கற்களுட் பல உடைத்துப் பார்க்கப்படாமலே கிடந்தன. அவர் மறைந்தபின் துணைவியார் அவற்றைக் காத்து, அமெரிக்காவில் பணியாற்றும் ஆய்வாளர் தெவிசனிடம் அளித்தார். அவர் எறிந்திருந்தால் இந்த வரலாறே இல்லை.

ஆய்வகத்தில் கல்லைச் செதுக்குகையில் ஒரு செவியெலும்பு தவறி உடைந்தது. உடைப்பில் தெரிந்த தடித்த உட்சுவர், திமிங்கிலங்களுக்கே உரியதெனக் கருதப்பட்டுவந்த அடையாளம்! தெவிசன், சுனில் பாஜ்பாய் முதலியோர் 2007 டிசம்பரில் நேச்சர் இதழில் இதனை வெளியிட்டனர். கால் எலும்புகளின் கனம், அவ்விலங்கு நீரில் நடந்து திரிந்ததைக் காட்டிற்று. கரையேறித் தழை மேய்ந்ததா, நீர்த்தாவரத்தையும் சிற்றுயிர்களையும் உண்டதா என்பதைப் பல்லின் வேதியியல் முடிவாகக் கூறவில்லை. திமிங்கிலத்தின் நெருங்கிய உறவான இக்குடும்பத்திற்கு ராவெல்லிடே என்று பெயர். அதில் இருப்பது ராவின் பெயரே.