பித்தநாள அடைப்பைக் கண்டறியும் எம்.ஆர்.சி.பி. பரிசோதனை

கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைச் சிறுகுடலுக்குக் கொண்டுசெல்லும் குழாய் பித்தநாளம் ஆகும். கல், சுருக்கம் அல்லது கட்டியால் இந்நாளம் அடைபட்டால் பித்தநீர் தேங்கி இரத்தத்தில் கலக்கிறது. அடைப்பு எவ்விடத்தில், எதனால் என்பதை உடலுக்குள் கருவி எதையும் செலுத்தாமல் காட்டுவதே எம்.ஆர்.சி.பி. பரிசோதனை.

எல்லாக் காமாலையும் ஒன்றல்ல

வைரஸ் கிருமியால் வரும் காமாலை பெரும்பாலும் ஓய்வில் தணிந்துவிடும். அதனால், கீழாநெல்லி அருந்திக் காத்திருக்கும் வழக்கம் நம்மிடையே உள்ளது. அடைப்பினால் வரும் காமாலை அவ்வாறு தணிவதில்லை. காத்திருக்கும் நாட்களில் நோய் முற்றக்கூடும். கீழ்க்காணும் அறிகுறிகள் இருப்பின் உடனே மருத்துவரை அணுகவும்:

• வெளிறிய, களிமண் நிற மலம்
• அடர் நிறச் சிறுநீர்
• உடல் முழுவதும் அரிப்பு
• வலது மேல் வயிற்றில் வலி

பரிசோதனைகளின் வரிசை

முதலில் இரத்தப் பரிசோதனையும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் செய்யப்படும். பித்தப்பைக் கற்களை அல்ட்ராசவுண்ட் நன்கு காட்டும். ஆனால் பித்தநாளத்தின் கீழ்ப்பகுதியைக் குடல்வாயு மறைத்துவிடக்கூடும். அந்நிலையில் எம்.ஆர்.சி.பி. தேவைப்படுகிறது.

இது எம்.ஆர்.ஐ. கருவியிலேயே எடுக்கப்படுகிறது. தேங்கி நிற்கும் நீர்மம் படத்தில் வெண்மையாகவும், அதனுள் உள்ள கல் கருமையாகவும் தெரியும். எக்ஸ் கதிர்கள் இல்லை. பொதுவாக ஊசி மருந்தும் தேவையில்லை. மிகச் சிறிய கற்கள் சில வேளைகளில் புலப்படாமல் போகலாம்.

வாய்வழியே எண்டோஸ்கோப் செலுத்திச் செய்யப்படும் இ.ஆர்.சி.பி. முறையில் கல்லை அகற்றலாம். ஆனால் சிலருக்குக் கணைய அழற்சி ஏற்படக்கூடும். எனவே, நோயை அறிவதற்கு எம்.ஆர்.சி.பி., அடைப்பை நீக்குவதற்கு இ.ஆர்.சி.பி. என்பதே பொதுவான நடைமுறை.

நீங்கள் செய்ய வேண்டியவை

• பரிசோதனைக்கு முன் சுமார் 4 முதல் 6 மணி நேரம் உணவு உண்ணாதிருக்கவும்.
• தாலிச் சங்கிலி, மெட்டி, வளையல், ஊக்கு, கைப்பேசி ஆகியவற்றை அறைக்கு வெளியே வைக்கவும்.
• இதயமுடுக்கி, காதுக்குள் பொருத்திய கருவி, உடலிலுள்ள உலோகத் துண்டுகள் பற்றி முன்கூட்டியே தெரிவிக்கவும்.
• கர்ப்பமாக இருந்தால் அவசியம் கூறவும்.
• கருவியின் ஒலி பலமாக இருக்கும். அசையாமல் படுத்து, சொல்லும்போது மூச்சை அடக்கவும்.

எங்கு செல்வது?

திருவல்லிக்கேணி மக்கள் முதலில் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம். சென்ட்ரல் எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் குடல், இரைப்பை நோய்களுக்குத் தனித்துறை உள்ளது. பழைய ஸ்கேன் படங்களையும் அறிக்கைகளையும் தவறாமல் எடுத்துச் செல்லவும். ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

எச்சரிக்கை: காமாலையுடன் குளிர்காய்ச்சலும் வயிற்றுவலியும் சேர்ந்து வந்தால், அது பித்தநாளத் தொற்றாக இருக்கலாம், உயிருக்கு ஆபத்தானது. வெளிநோயாளர் பிரிவு திறக்கும்வரை காத்திராமல் 108 ஆம்புலன்ஸை அழைத்து அவசரப் பிரிவுக்குச் செல்லவும்.