128 வருஷம் ஒரே டெஸ்ட்: காசநோயைக் கண்டுபிடித்த கதை

கோவிட் வந்தபோது பிசிஆர் என்ற வார்த்தை சில வாரங்களில் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. அதே பிசிஆர், கோவிட்டுக்குப் பல தலைமுறை முன்பிருந்தே மனிதர்களைக் கொன்றுகொண்டிருக்கும் காசநோய்க்கு எப்போது வந்தது, எந்த வழியாக வந்தது என்று பார்த்தால் கொஞ்சம் விசித்திரமான கதை. நீளமான இழை இது. பொறுமையா படிங்க.

1882 மார்ச் 24, பெர்லின். ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவிக்கிறார். அடுத்த ஓரிரு வருஷங்களில் எர்லிக், சீல், நீல்சன் ஆகிய மூவரும் அந்தக் கிருமிக்குச் சாயமேற்றும் முறையைச் செம்மைப்படுத்திவிட்டார்கள்.

முறை இதுதான். சளியைக் கண்ணாடி ஸ்லைடில் தடவி, சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடாக்கி, அமிலத்தால் கழுவணும். மற்ற கிருமிகள் எல்லாம் நிறத்தை விட்டுவிடும். டிபி கிருமியின் உறை மெழுகு மாதிரி, அது மட்டும் விடாது. நீலப் பின்னணியில் சின்னச் சின்ன சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். எளிமை, மலிவு. ஆப்பிரிக்கக் கிராமத்திலும் செய்யலாம், ஆண்டிப்பட்டியிலும் செய்யலாம்.

குறை என்னன்னா, ஒரு மில்லி சளியில் ஐந்தாயிரம், பத்தாயிரம் கிருமியாவது இருந்தால்தான் மைக்ரோஸ்கோப்பில் கண்ணுக்குச் சிக்கும். அதற்குக் குறைந்தால் 'நெகட்டிவ்'. குழந்தைகளுக்குச் சளியே சரியாக வராது, அவர்களும் 'நெகட்டிவ்'. ஒரு ஆய்வக நுட்புநர் நாளைக்கு 20, 25 ஸ்லைடுக்கு மேல் பார்த்தால் கண் சோர்ந்துபோகும். அப்புறம் அவர் சொல்றது பரிசோதனை முடிவு இல்லை, யூகம்.

கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முறையும் இருந்தது. துல்லியமானது. ஆனால் டிபி கிருமி ஆமை வேகத்தில் வளரும். முடிவு வர ஒன்றரை, இரண்டு மாதம்கூட ஆகும். நல்ல ஆய்வகமும் வேணும்.

இங்கே 1963-ல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்லியே ஆகணும். பெங்களூரு தேசிய காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த பானர்ஜியும் ஆண்டர்சனும் தும்கூர் பக்கத்துக் கிராமங்களில் சளியில் கிருமி உள்ளவர்களைத் தேடிப்போய்ப் பேசினார்கள். படிக்காத ஜனங்களுக்கு நோய் பற்றி விழிப்புணர்வு இல்லை, அதனால்தான் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை என்பதுதான் அப்போது பலருடைய நம்பிக்கை. ஆய்வு சொன்னது வேற. ஏறக்குறைய பாதிப்பேர் இருமலோடு ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். அங்கே கையில் ஒரு இருமல் மருந்து பாட்டிலைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்!

அதாவது நோயாளி வந்துட்டார். டெஸ்ட்தான் வரலை. இனிமேல் வரும் கதை முழுக்க இந்த இடைவெளியைப் பற்றியதுதான்.

அந்த இடைவெளியில் கடை போட்டவர்களும் உண்டு. ரத்தத்தில் ஆன்டிபாடி பார்த்து டிபி சொல்லும் கிட்கள் இந்தியா போன்ற நாடுகளின் தனியார் ஆய்வகங்களில் கொடிகட்டிப் பறந்தன. இருக்கிற நோயை இல்லை என்றும், இல்லாத நோயை இருக்கு என்றும் சொன்ன கிட்கள். பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தயாரானவை, ஆனால் அந்த நாடுகளில் அங்கீகாரம் இல்லாதவை. 2011-ல் உலக சுகாதார நிறுவனம் 'இதைப் பயன்படுத்தாதீர்கள்' என்று வெளிப்படையாகவே சொன்னது. 2012-ல் இந்தியா தடை செய்தது. என் கணிப்பில், நம் நாட்டு டிபி வரலாற்றில் போதுமான பாராட்டுக் கிடைக்காத நல்ல முடிவு அது.

இதற்கிடையில் எய்ட்ஸ் வந்தது. ஹெச்ஐவி உள்ளவரின் நுரையீரலில் டிபி இருக்கும், சளியில் கிருமி ரொம்பக் குறைவாக இருக்கும். அதாவது யாருக்கு டெஸ்ட் மிக அவசரமோ அவரிடம்தான் மைக்ரோஸ்கோப் தோற்றுப்போனது.

தென்னாப்பிரிக்காவின் க்வாஸுலு-நட்டால் மாகாணத்தில் டுகேலா ஃபெரி என்று ஒரு சின்ன ஊர். 2006-ல் லான்செட் இதழில் அந்த ஊர் பற்றி ஒரு கட்டுரை வந்தது. ஏறக்குறைய எந்த மருந்துக்கும் கட்டுப்படாத டிபி 53 பேருக்கு. ஹெச்ஐவி பரிசோதனை செய்யப்பட்ட அத்தனை பேருக்கும் பாசிட்டிவ். 53 பேரில் 52 பேர் இறந்துவிட்டார்கள். இறந்த தேதி தெரிந்தவர்களில் பாதிப்பேர் சளி கொடுத்து 16 நாளுக்குள் போய்விட்டார்கள். கல்ச்சர் முடிவு வர எத்தனை வாரம் ஆகும் என்று மேலே சொன்னேன் இல்லையா? கணக்குப் போட்டுப் பாருங்க. ரிப்போர்ட் வரும்போது அதை வாங்க ஆளில்லை.

இப்போ கதை அமெரிக்கத் தபால் ஆபீசுக்குப் போகுது.

2001 செப்டம்பர், அக்டோபர். யாரோ கடித உறைக்குள் ஆந்த்ராக்ஸ் பொடியை வைத்து அனுப்புகிறார்கள். ஐந்து பேர் சாகிறார்கள், அதில் இரண்டு பேர் தபால் ஊழியர்கள். நாடே நடுங்குகிறது. தபால் பிரிக்கும் மையங்களில் காற்றிலேயே கிருமியைக் கண்டுபிடிக்க, ஆய்வக நிபுணர் இல்லாமல் தானாக பிசிஆர் செய்யும் மெஷின் வேணும் என்றார்கள். கலிஃபோர்னியாவின் செஃபைட் கம்பெனியிடம் அந்தத் தொழில்நுட்பம் இருந்தது. பணம் கொட்டியது, மெஷின் தபால் மையங்களுக்குப் போனது.

2003-ல் ஜெனீவாவில் தொடங்கிய ஃபைண்ட் என்ற அமைப்பு, இதே மெஷினை டிபிக்கு ஏன் பயன்படுத்தக்கூடாது என்று கேட்டது. ஐந்து பேர் சாவுக்குப் பிறந்த மெஷின், வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் சாகிற நோய்க்கு வந்துசேர்ந்தது இப்படித்தான். கம்பெனியைக் குறை சொல்லலை. பணம் எந்தப் பயத்தின் பின்னால் ஓடுகிறது என்பதைத்தான் சொல்றேன்.

2010-ல் லிமா, பாகு, கேப்டவுன், டர்பன், மும்பை ஆகிய ஊர்களில் 1,730 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு வெளியானது. சளியில் ஒரு திரவம் கலந்து 15 நிமிஷம் வைத்து, கார்ட்ரிட்ஜில் ஊற்றி மெஷினில் செருகினால் போதும். இரண்டு மணி நேரத்துக்குள் டிபி உண்டா, ரிஃபாம்பிசின் மருந்து கேட்குமா, இரண்டுக்கும் பதில். மைக்ரோஸ்கோப் தவறவிட்டவர்களில் 100-க்கு 72 பேரை ஒரே டெஸ்ட்டில் பிடித்தது. அந்த டிசம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. நம்ம ஊர் அரசு மருத்துவமனைகளில் 'சிபிநாட்' என்று சொல்வது இதைத்தான்.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கணும். முடியலை.

தென்னாப்பிரிக்கா 2011-லிருந்து நாடு முழுக்க இதைக் கொண்டுவந்தது. கூடவே ஒரு ஆய்வும் நடத்தினார்கள்: மைக்ரோஸ்கோப் ஒரு பக்கம், புது மெஷின் ஒரு பக்கம். ஆறு மாதம் கழித்து எண்ணிப் பார்த்தால், சாவு எண்ணிக்கையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை! மெஷின் இருந்தது ஆய்வகத்தில், நோயாளி இருந்தது கிளினிக்கில். சளி ஒரு வண்டியில் போகணும், ரிப்போர்ட் திரும்பி வரணும், அதற்கு நோயாளி மறுபடி வரணும். ஒருநாள் கூலியை விட்டு எத்தனை தடவை வருவார்? இரண்டு மணி நேர டெஸ்ட்டுக்கு நடைமுறையில் பல நாள் ஆனது. தும்கூரில் பார்த்த அதே இடைவெளி, புது மெஷினோடு.

மெஷினுக்கும் ஏசி வேணும், தடையில்லா கரண்ட் வேணும், வருஷா வருஷம் அளவு திருத்தணும். பேட்டரியில் ஓடும் சின்ன மாடலை 2015-ல் அறிவித்தார்கள், கடைசிவரை சந்தைக்கு வரவேயில்லை. கார்ட்ரிட்ஜ் விலையும் பெரிய பிரச்சினை. பல அமைப்புகள் பணம் போட்டு 2012-ல் அதை 9.98 டாலராக்கினார்கள். அங்கேயே பத்து வருஷத்துக்கு மேல் நின்றது. எம்எஸ்எஃப் போன்ற அமைப்புகள் 5 டாலர் போதும் என்று போராடிய பிறகு 2023-ல் 7.97 ஆனது.

அந்தச் சின்ன மெஷின் நம்ம நாட்டிலிருந்து வந்தது. கோவாவின் மோல்பயோ கம்பெனி செய்த ட்ரூநாட். பேட்டரியில் ஓடும், ஏசி கேட்காது, ஆரம்ப சுகாதார நிலையத்து மேசையில் உட்காரும். 2020-ல் உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது. அதே வருஷம் கோவிட்டுக்கும் உழைத்தது.

உகாண்டாவில் மெஷினைக் கிளினிக்குக்கே கொண்டுபோனார்கள். அதோடு நிற்காமல், சளி கொடுத்த அன்றே முடிவு, அன்றே மாத்திரை என்று வேலைமுறையையும் மாற்றினார்கள். 2021-ல் முடிவு வந்தது: இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கியவர்கள் கணிசமாக அதிகரித்திருந்தார்கள்.

உங்க வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கா? இருமல் மருந்து பாட்டிலோடு திரும்பி வராதீங்க. சளி டெஸ்ட் வேணும், சிபிநாட் அல்லது ட்ரூநாட் எங்கே இருக்கு என்று கேளுங்க. அரசு மருத்துவமனையில் இலவசம். டப்பாவில் எச்சில் துப்பிக் கொடுக்கக்கூடாது. வாயைத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, இரண்டு மூன்று தடவை மூச்சை ஆழமாக இழுத்து விட்டு, நெஞ்சிலிருந்து இருமி வரும் கெட்டிச் சளிதான் வேணும். வெறும் எச்சிலைக் கொடுத்தால் எவ்வளவு நல்ல மெஷினும் 'நெகட்டிவ்' என்றுதான் சொல்லும்.